தாதியர் கல்வியும் நான்காம் பண்பும்

மருத்துவம் என்பது மருத்துவன் ஒருவனால் மட்டும் நிறைவுறுவதன்று. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் பக்கத்திருந்து பணி செய்பவன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்று திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் வரையறுத்தார். நான்காவதாக நிற்பவனை அவர் 'உழைச்செல்வான்' என்று குறித்தார். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். இன்று தாதி என்றும் செவிலியர் என்றும் வழங்கப்படுவோர் செய்யும் தொழிலுக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய இலக்கணம் இதுவே எனலாம்.

இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் ஒருபடி மேலே சென்றார். பக்கத்திருந்து பணி செய்வோர்க்கு வேண்டிய பண்புகள் நான்கு என வகுத்தார். நோயாளியிடத்து அன்பு முதலாவது. எண்ணத்திலும் சொல்லிலும் உடலிலும் தூய்மை இரண்டாவது. மருத்துவர் சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறமை மூன்றாவது. அறிவு நான்காவது. மேலோட்டமாகப் படிப்போர்க்கு இவை நான்கும் ஒரே நிரையில் நிற்பனவாகவே தோன்றும். ஆயினும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் தாதியர் கல்வி வரலாற்றை நோக்குங்கால் ஓர் உண்மை தெற்றென விளங்கும். முதல் மூன்று பண்புகளையும் உலகம் விரைந்து ஏற்றுக்கொண்டது. நான்காம் பண்பாகிய அறிவை ஏற்பதற்கோ நெடுங்காலம் தயங்கியது. ஒரு பெண் தாதியாவதற்கு எந்த வாயிலில் விண்ணப்பத்தோடு நின்றாள் என்பதைப் பார்த்தாலே இத்தயக்கத்தின் அளவு புலனாகும். பினாங்கின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

பினாங்கில் தொடக்கம்

1786-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பினாங்கு, விரைவிலேயே பல இன மக்கள் குடியேறிய துறைமுகமாயிற்று. கப்பலில் வந்திறங்கியோர் நோயோடும் வந்தனர். வந்தபின் நோயுற்றோரும் பலர். ஏழை நோயாளிகளுக்கென 1854-ஆம் ஆண்டில் முன் ஆ பூ என்னும் சீனச் செல்வரின் நன்கொடையால் ஒரு மருத்துவமனை எழுந்தது. இன்று ஜார்ஜ் டவுனில் ரெசிடென்சி சாலையில் உள்ள பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியின் வரலாறு அந்த ஏழையர் மருத்துவமனையிலிருந்தே தொடங்குகிறது. அதனை அடுத்துள்ள சாலைக்குச் சிப்பாய் லைன் என்பது பெயர். கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் தங்கிய இடத்தின் நினைவை அப்பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது.

மருத்துவமனை இருந்தது, மருந்தும் இருந்தது, பக்கத்திருந்து பணி செய்யப் பயிற்சி பெற்றவர் இலர். ஏவலாட்களே அப்பணியைச் செய்தனர். இந்நிலை மாறுவதற்கு வித்திட்டவர்கள் பிரெஞ்சு நாட்டுக் கன்னியர் ஆவர். குழந்தை இயேசு சபையைச் சேர்ந்த கன்னியர் 1852-ஆம் ஆண்டில் பினாங்கு வந்து லைட் தெருவில் பள்ளியும் அநாதை இல்லமும் நடத்தினர். 1854-ஆம் ஆண்டில் இங்கிருந்தே அவர்கள் சிங்கப்பூர் சென்றனர். அச்சபையின் கன்னியரே 1885-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் நோயாளர் பணியை ஏற்றனர். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் அந்நாளே தாதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர்களிடம் அன்பும் தூய்மையும் நிறைந்திருந்தன. முறையான தாதியர் பயிற்சி பெற்று வந்தவர்கள் அல்லர் என்பதே அவர்களைப் பற்றிய குறை.

குணப் பட்டியலும் குறைந்த பாடமும்

முறையான பயிற்சி என்பது அக்காலத்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் காட்டிய வழியையே குறித்தது. கிரிமியப் போரில் அவர் ஆற்றிய தொண்டைப் பாராட்டி மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு 1860-ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பயிற்சி பெறுவோர் மருத்துவமனையிலேயே தங்கினர். உணவும் சீருடையும் சிறு தொகையும் பெற்றனர். அதற்கு ஈடாக வார்டுகளில் உழைத்தனர். மாதந்தோறும் அவர்களைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பேட்டில் நேரந் தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை முதலிய குணங்கள் முதலிடம் பெற்றன.

இதில் ஒரு முரண் உண்டு. நைட்டிங்கேல் அம்மையார் அறிவிற் சிறந்தவர். இலண்டன் புள்ளியியற் கழகத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட முதற்பெண். போர்க்களத்துக் காயங்களைவிட மருத்துவமனையின் தூய்மைக் கேடே மிகுதியான வீரர்களைக் கொன்றது என்பதைக் கணக்கைக் கொண்டு மெய்ப்பித்தவர். ஆயினும் அவர் பெயரால் உலகெங்கும் பரவிய பள்ளிகள் அவருடைய பணிவையும் ஒழுங்கையும் பின்பற்றிய அளவுக்கு அவருடைய கணக்கறிவைப் பின்பற்றவில்லை. பரிமேலழகர் கூறிய மூன்றாம் பண்போடு அவை நின்றுவிட்டன.

இந்தியாவில் இம்முறை 1871-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனைக்கு வந்தது. மலாயாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அது உறுதியாகக் கால் ஊன்றியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீச்சால் ஜார்ஜ் டவுன் நகரம் சீரழிந்தது. போர் முடிந்து ஆங்கில ஆட்சி திரும்பியபோது மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை பெரிதாயிருந்தது. 1947-ஆம் ஆண்டில் பினாங்கில் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. மலாயாவின் முறையான தாதியர் பள்ளிகளுள் முன்னோடி அதுவே. 1950-ஆம் ஆண்டின் தாதியர் பதிவுச் சட்டம், பயிற்சி முடித்தோரைப் பதிவேட்டில் சேர்க்க ஒரு வாரியத்தை ஏற்படுத்தியது. பெயர் பதியாதவர் தம்மைப் பதிவு பெற்ற தாதி என்று கூறிக்கொள்ள முடியாது என்னும் நிலை பிறந்தது. தொழிலுக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது பெரும் முன்னேற்றமே.

அக்காலத்தில் தாதியாக விரும்பிய பெண் மருத்துவமனைக்கே மனுச் செய்தாள். மனுவைப் பார்ப்பவர் மேட்ரன். பள்ளிச் சான்றிதழ் ஒருபுறமிருக்க, உடல் நலம், நன்னடத்தை, ஆங்கிலம் பேசும் திறன் ஆகியவையே பெரிதும் நோக்கப்பட்டன. மூன்றாண்டுப் பயிற்சிக் காலத்தில் அவள் பாதி மாணவி, பாதி வேலையாள். 1950-களிலும் 1960-களிலும் பிரிட்டனுக்குக் கப்பலேறித் தாதியர் பயிற்சி பெற்ற மலாயாப் பெண்களும் அவ்வாறே ஆங்குள்ள மருத்துவமனைகளுக்குத்தான் விண்ணப்பித்தனர். பல்கலைக் கழகம் என்னும் சொல் அந்த விண்ணப்பங்களில் இடம்பெறவில்லை.

இம்முறையை இழித்துரைத்தல் அறமாகாது. உணவு, உறைவிடம், மாதந்தோறும் உதவித் தொகை, முடிவில் உறுதியான அரசாங்க வேலை ஆகிய இவை ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு எத்துணைப் பெரிய பேறு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கையில் காசில்லாத பெண்ணும் கற்றுத் தலைநிமிர அது வழி வகுத்தது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. கற்பதற்கு எல்லை வகுத்து, அதற்குமேல் தாதிக்குத் தேவையில்லை என்று அது கருதியது.

வேலூர் முந்தியது

தாதியர் கல்வியைப் பல்கலைக் கழகத்தினுள் முதலில் கொண்டு சென்றவர்கள் அமெரிக்கர். 1909-ஆம் ஆண்டில் மினசோட்டாப் பல்கலைக் கழகம் தாதியர் பள்ளியைத் தன் அங்கமாக ஏற்றது. ஆங்கிலப் பேரரசுக்குள் முதற் பட்டப்படிப்பு 1919-ஆம் ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் தோன்றியது.

இவ்வரிசையில் தமிழர் பெருமைப்படத்தக்க ஓரிடம் வேலூருக்கு உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவ நிலையம் அங்கே வளர்ந்து பெருகியது. 1909-ஆம் ஆண்டில் டீலியா ஹவுட்டன் என்னும் அமெரிக்கத் தாதி அங்குத் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-ஆம் ஆண்டில் அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்து, சென்னைப் பல்கலைக் கழகத்தின் தாதியர் பட்டத்துக்கு மாணவியரைச் சேர்த்தது. அதே ஆண்டில் தில்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. இந்திய நலவாழ்வு நிலையை ஆராய்ந்த போர் குழுவின் அறிக்கையும் அவ்வாண்டில்தான் வெளிவந்தது. பிரிவினைக்கு முந்திய பெருநாட்டில் ஏறத்தாழ 7,000 தாதியரே இருந்தனர் என்றும், 43,000 மக்களுக்கு ஒரு தாதி என்பதே கணக்கு என்றும் அது எடுத்துக்காட்டியது.

ஆளே போதாத நாட்டில் பட்டம் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்திருத்தல் கூடும். விடை எளியது. பள்ளிகள் பல வேண்டுமெனில் கற்பிப்போர் பலர் வேண்டும்; கற்பிப்போர்க்கு உயர் கல்வி வேண்டும். ஆசிரியப் பயிற்சியின் தேவையை உணர்ந்தோர்க்கு இது சொல்லாமலே விளங்கும்.

நைட்டிங்கேல் பிறந்த ஆங்கில இனத்தின் நாடாகிய பிரிட்டனில் முதல் தாதியர் பட்டப்படிப்பு எடின்பரோப் பல்கலைக் கழகத்தில் 1960-ஆம் ஆண்டில் தொடங்கியது. அஃதாவது, வேலூர் மாணவிகள் பட்ட வகுப்பில் அமர்ந்து 14 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது. ஆண்ட நாட்டுக்கு ஆளப்பட்ட நாடு வழிகாட்டிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

மலாயா காத்திருந்த காலம்

மலாயாவின் கதை வேறு. மருத்துவரைப் பயிற்றுவிக்கும் பள்ளி 1905-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் ஏற்பட்டது. பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்று, 1949-ஆம் ஆண்டில் ராபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக் கழகமாயிற்று. மலாயாப் பல்கலைக் கழகத்துக்கு மருத்துவமே ஒரு வேர் எனலாம். ஆனால் அதே பெயரைத் தாங்கிக் கோலாலம்பூரில் வளர்ந்த பல்கலைக் கழகம் தாதியர்க்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது 1993-ஆம் ஆண்டில்தான். மருத்துவர் பள்ளிக்கும் தாதியர் பட்டத்துக்கும் இடையே 88 ஆண்டுகள். அப்படிப்பும் முதலில் ஏற்கெனவே பதிவு பெற்றுப் பணியாற்றி வந்த தாதியர்க்கே உரியதாயிருந்தது. பள்ளிப் படிப்பை முடித்தோர் நேரே சேரும் நான்காண்டுப் பட்டப்படிப்புகள் மலேசிய தேசியப் பல்கலைக் கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் முதலியவற்றில் பின்னர் அமைந்தன. மருத்துவமனைப் பள்ளிகளின் சான்றிதழ்ப் படிப்பும் 1990-களில் டிப்ளோமாவாக உயர்ந்தது.

இங்கே பினாங்கு மாணவர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் 1969-ஆம் ஆண்டில் பினாங்குப் பல்கலைக் கழகம் என்னும் பெயரோடு தோன்றியது. அதன் தலைமை வளாகம் மிண்டனில் உள்ளது. ஆனால் அதன் மருத்துவப் பள்ளி 1979-ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர்க் கிளந்தானில் உள்ள குபாங் கிரியானுக்கு மாறியது. தாதியர் பட்டப்படிப்பும் அங்கேதான் நடைபெறுகிறது. ஆகவே, மிண்டன் வாயிலைக் கடந்து நாள்தோறும் பள்ளிக்குச் சென்ற பெண், தன் ஊர்ப் பல்கலைக் கழகத்தில் தாதியர் பட்டம் பெற விரும்பினால், மலைத்தொடரைத் தாண்டிக் கீழைக் கரைக்குச் செல்ல வேண்டும்.

பட்டம் பெற்ற தாதியால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்போர் இன்றும் உளர். 2014-ஆம் ஆண்டில் லிண்டா ஏய்க்கன் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தோரும் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதற்கு விடை கூறும். ஒரு மருத்துவமனையில் பட்டதாரித் தாதியரின் பங்கு நூற்றுக்கு 10 என்ற அளவில் கூடும்போது, அறுவை மருத்துவம் பெற்றோர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 என்ற அளவில் குறைந்து காணப்பட்டது. இதன் காரணத்தை உணர்தல் அரிதன்று. மருத்துவர் வார்டுக்கு வந்து போகிறார். தாதியோ இரவு முழுதும் பக்கத்தில் இருக்கிறாள். மூச்சின் வேகம் கூடுவதையும், சிறுநீர் குறைவதையும், நோயாளியின் பேச்சு தடுமாறுவதையும் முதலில் காண்பவள் அவளே. கண்டதன் பொருளை அறிந்தால்தான் உரிய நேரத்தில் மருத்துவரை அழைக்க இயலும். சொல்லியதைச் செய்தல் மூன்றாம் பண்பு. எவரும் சொல்லாதபோது செய்ய வேண்டுவதை உணர்தல் நான்காம் பண்பு.

தோட்டத்திலிருந்து வரும் விண்ணப்பம்

தாதிப் பணி தோட்டத் தமிழர்க்குப் புதிதன்று. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் பின்வந்த ரப்பர்த் தோட்டங்களிலும் நோயாளர் பணி நடந்துதான் வந்தது. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசர் இருந்தார். பேறு பார்க்க மருத்துவச்சி இருந்தாள். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கிழவி இருந்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரியின் தாதியைத் தோட்டத்தார் மிஸ்ஸி என்றழைத்து மரியாதை செய்தனர். ஆனால் தோட்டத்துப் பெண் மிஸ்ஸியாவது எளிதாயிருக்கவில்லை.

அதற்குத் தடையாக நின்றது ஆர்வக் குறைவு அன்று, பள்ளி. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டுமென்றது. அப்பள்ளி தொடக்கக் கல்வியோடு முடிந்தது. தாதியர் பயிற்சியின் மொழியோ ஆங்கிலம். ஆங்கிலப் பள்ளியோ பட்டணத்தில். விடுதலைக்குப் பின்னரும் இடைநிலைப் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு ஒன்று வழியடைத்து நின்றது. அத்தேர்வு 1964-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் வழி திறந்தது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பயின்று முதலாம் படிவத்துக்குச் சென்றனர். தோட்டத்துப் பெண் தாதியர் பள்ளியை எட்டிப் பிடிக்கும் தொலைவுக்கு வந்தது அதன் பின்னரே என்க.

இன்று வாயில் வேறு. பட்டப்படிப்பை விரும்புவோர் மேட்ரனுக்கு எழுதுவதில்லை. உயர்கல்வி அமைச்சின் யூ.பி.யூ. என்னும் பொது விண்ணப்ப முறையின் வழி அரசாங்கப் பல்கலைக் கழகங்களுக்கு விண்ணப்பிக்கின்றனர். எஸ்.பி.எம். தேர்வோடு பட்ட வகுப்பில் நேரே சேர முடியாது. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் போன்ற ஒரு படியைக் கடத்தல் வேண்டும். மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் எஸ்.பி.எம். தேர்ச்சியும், முவெட் எனப்படும் பல்கலைக் கழக ஆங்கிலத் தேர்வும், நேர்முகத் தேர்வும் உண்டு. தகுதிப் புள்ளியில் நூற்றுக்கு 90 பங்கு தேர்வு மதிப்பெண். எஞ்சிய 10 பங்கு புறப்பாட நடவடிக்கை. செம்பிறைச் சங்கத்தில் சேர்ந்து முதலுதவி பயின்ற மாணவி, தான் அறியாமலே விண்ணப்பத்தின் ஒரு பகுதியை நிரப்பிவிடுகிறாள்.

தனியார் கல்லூரிகளும் பல உள. இவற்றை நாடுவோர் ஒன்றை மறத்தல் கூடாது. படிப்பைத் தாதியர் வாரியம் ஏற்றிருத்தல் வேண்டும். படித்து முடித்தபின் வாரியத்தின் தேர்வில் தேறிப் பெயரைப் பதிந்தாலன்றிப் பணி செய்ய இயலாது. தனியார் கல்லூரிகள் பெருகிய காலத்தில், கடன் வாங்கிப் படித்து டிப்ளோமா பெற்றும் வேலையின்றித் தவித்தோர் கதை நாட்டுக்குத் தெரிந்ததே. பழைய மருத்துவமனைப் பயிற்சியில் கற்கும்போதே கைக்குப் பணம் வந்தது. பட்டப்படிப்பிலோ 1997-ஆம் ஆண்டில் ஏற்பட்ட உயர்கல்விக் கடன் நிதியிடம் கடன்பட்டேனும் படிக்க வேண்டியவர் பலர். அறிவுக்கு வாயில் திறந்தபோது ஏழைக்கு ஒரு படி உயர்ந்துவிட்டது. இதனை மறைத்துப் பேசுதல் உண்மை ஆகாது.

ஆசிரியர் கையில்

இவ்வரலாற்றிலிருந்து தமிழாசிரியர் உணர வேண்டுவது யாது? பல்கலைக் கழக விண்ணப்பம் பதினெட்டு, பத்தொன்பது வயதில் எழுதப்படுவதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது பன்னிரண்டு வயதிலேயே எழுதத் தொடங்கப்படுகிறது. ஆறாம் ஆண்டில் பின்னங்கணக்கில் தடுமாறும் சிறுமியைக் 'கணக்கு இவளுக்கு வராது' என்று விட்டுவிட்டால், நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்கள் அவளுக்கு இல்லை; அறிவியல் பாடங்கள் இல்லையேல் பட்ட வகுப்பின் வாயில் ஏறத்தாழ அடைபட்டுவிடும். ஒரு மருந்தை எத்தனை மில்லி கொடுப்பது என்று நாளை ஒரு வார்டில் கணக்கிடப் போகிறவள் இன்று பின் வரிசையில் அமர்ந்திருத்தல் கூடும்.

பெற்றோரும் 'நர்ஸ் வேலைக்கு இத்தனை படிப்பு எதற்கு?' என்று கேட்கின்றனர். அன்பும் பொறுமையும் போதும் என்பது அவர்கள் எண்ணம். அக்கேள்விக்கு விடை கூற ஆசிரியர் வெளிநாட்டு அறிஞரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. திருக்குறளைத் தினமும் கையில் எடுக்கும் ஆசிரியர், 'மருந்து' அதிகாரத்தைப் பொருள் சொல்லி முடிக்கும்போது பரிமேலழகர் வகுத்த நான்கையும் கரும்பலகையில் எழுதட்டும். அன்பு, தூய்மை, செயல்திறம், அறிவு. நான்காவதை எழுதிய பின் சற்றே நின்று, வகுப்பிலுள்ள பெண்களையும் பையன்களையும் பார்க்கட்டும். வேலூரில் 1946-லும், கோலாலம்பூரில் 1993-லும் திறந்த கதவு யாருக்காகத் திறந்தது என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும்.